மூணாவது வார்த்தை

ஓடெட்: விரல் விட்டு எண்ணாதடி. ரெண்டு கையையும் மடியில வை.

ரீக்கா: சும்மா அரிக்குது.

ஓடெட்: அஞ்சு விரலும் வரிசையா ஒண்ணொண்ணா அரிக்குமா? வை சொல்றேன்... ம். இப்போ சொல்லு, முதல்ல நான் படிச்ச பத்து வார்த்தை. எந்த வரிசைல வேணா சொல்லலாம்.

ரீக்கா: அதெல்லாம் போன ஜென்மத்துல படிச்சது. நடுவுல டிசம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் பின்னாடியே நடக்க விட்டுட்ட.

ஓடெட்: அதுக்குத்தான் மாசத்தைத் தலைகீழாச் சொல்லச் சொல்றது. நடுவுல வேற வேலை குடுத்தா பழசு நிக்குதான்னு பாக்கணும். இழுக்காத, சொல்லு.

ரீக்கா: ஏணி... கடுகு... குதிரை.

ஓடெட்: ம்.

ரீக்கா: ஜன்னல். தொப்பி.

ஓடெட்: ம்.

ரீக்கா: இந்த 'ம்' வேற மாதிரி இருக்கே?

ஓடெட்: எல்லாம் ஒரே 'ம்'தான். மேல சொல்லு.

ரீக்கா: பாலம்... கதவு... வெண்ணெய். அப்புறம்... இரு இரு, வந்துடுச்சு. ஏணி! அவ்வளவுதான். ஒம்போது. ஒண்ணுதான் எங்கேயோ போய் ஒளிஞ்சுக்கிச்சு. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி செப்டம்பர்ல எடுத்தோமே, அதுல எனக்கு எவ்ளோ?

ஓடெட்: ஏழு.

ரீக்கா: பாத்தியா! தலைல இடி வாங்கினதுக்கப்புறம் மூளை வளந்திருக்கு. இன்னும் நாலு இடி வாங்கினேன்னா உனக்கு முன்னாடி நான் முனைவர் ஆயிடுவேன். போடு கையெழுத்தை, நான் கிளம்பறேன்.

ஓடெட்: உக்காருடி கேப்டனே. இல்ல, எழுந்திரு. ஷூவைக் கழட்டிட்டு ஒத்தக் கால்ல நில்லு. கண்ணை மூடிக்கோ. இருபது செகண்ட்.

ரீக்கா: நாலு வயசுலேர்ந்து ஸ்கேட்ல நிக்கறவ நான். என்னைப் போய் தரைல நில்லுங்கற. இதோ... நிக்கறேன்.

ஓடெட்: கண்ணைத் தொறக்காத.

ரீக்கா: நான் தொறக்கல. அதுவா தொறந்துக்குது.

ஓடெட்: காலும் அதுவாத்தான் கீழ இறங்குதா?

ரீக்கா: இந்த ரூம் தரை ஒரு பக்கமாச் சரிஞ்சிருக்கு. யாரும் உனக்குச் சொன்னதில்லையா?

ஓடெட்: நாலு வருஷமா இதே ரூம்ல உக்காந்து உங்க தலையை எல்லாம் ஆராய்ச்சி பண்றேன். எனக்குத் தெரியாத சரிவா? சரி, உக்காரு. திரையை எதுக்கு இழுக்கற?

ரீக்கா: வெளிய பனி மேல வெயில் அடிக்குது. கூசுது.

ஓடெட்: மார்ச்சு மாசம் கூசத்தான் செய்யும். இந்த ஊர்ல பொறந்தவ இத்தனை வருஷமா கூசுதுன்னு சொன்னதில்லையே?

ரீக்கா: நேத்து ராத்திரி ஐஸ் ஹாக்கில ஜெயிச்சிருக்கோம்டி. கொண்டாட்டம். தூக்கமில்ல. காலைல அப்பா வேற சவுனா நீராவி அறையைச் சூடு பண்ணி வா வான்னாரு. பத்து நிமிஷம் உக்காந்தேன், தலை கிர்ருன்னு...

ஓடெட்: தலை என்ன?

ரீக்கா: சவுனான்னா எல்லாருக்கும் கிர்ருன்னுதான் இருக்கும். எழுதாதடி அதை!

ஓடெட்: எழுதல. பேனாவைத் திறந்து வெச்சிருக்கேன். எங்க இடிச்சுக்கிட்ட, அதை ஒழுங்காச் சொல்லு.

ரீக்கா: ஓவர்டைம்ல. அவங்க டீம் பொண்ணு ஒருத்தி, நல்ல உயரம், அவளும் நானும் மோதினோம். ஐஸ் ஓரத்துத் தடுப்புக் கண்ணாடில லேசாத் தலை பட்டுச்சு. அவ்வளவுதான். கோச் பாத்துட்டாரு. போய் ஓடெட் கிட்ட டெஸ்ட் குடுத்துட்டு வான்னு அனுப்பிட்டாரு.

ஓடெட்: அதான் எனக்கு ஆறல. பெஞ்சுப் பக்கத்துலயே நான் நின்னுட்டு இருந்தேன். உங்க காயத்தைப் பாக்கத்தான் எனக்கு அங்க இடமே குடுத்திருக்காங்க. நான் பாக்கல, அந்த மனுஷன் பாத்திருக்காரு.

ரீக்கா: விடுடி. உனக்கும் கண்ணு ரெண்டுதான்.

ஓடெட்: ஒழுங்கா வேலை செஞ்சா ரெண்டே போதும்.

ரீக்கா: இப்போ கையெழுத்துப் போடுவியா மாட்டியா? ஞாயித்துக்கிழமை பைனல். அஞ்சு வருஷம் விளையாடி என்னோட கடைசி மேட்ச். அப்பா சுரங்கத்துல ஷிஃப்ட் மாத்திக்கிட்டாரு. அம்மா ஏலக்காய் ரொட்டி சுடறேன்னு மாவு மூட்டையே வாங்கிட்டாங்க, பாதி ஊருக்கு. நான் இறங்கலேன்னா அந்த ரொட்டியை யாரு திங்கறது?

ஓடெட்: நான் திங்கறேன்.

ரீக்கா: ஓடெட்...

ஓடெட்: நான் கையெழுத்துப் போடறவ இல்ல. மதியம் டாக்டர் வருவாரு. நான் குடுக்கற நம்பரைப் பாத்துட்டு அவர்தான் போடுவாரு.

ரீக்கா: அப்போ நல்ல நம்பராக் குடு.

மிரேய்: உள்ள வரலாமா? கணுக்கால்ல சுத்திக்க டேப் வேணும். என்னடி ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்திருக்கீங்க, ஜோசியம் பாக்கறீங்களா?

ஓடெட்: வா மிரேய். மேல் அலமாரில இருக்கு, எடுத்துக்கோ. நேத்து நாப்பத்தோரு பந்தைத் தடுத்தியே... பந்து என்ன, ரப்பர் வட்டு, பக். தூங்காம வாய் குளறுது. கோல்கீப்பர்னா அவதான் கோல்கீப்பர்னு மொத்த ஊரும் பேசிக்குது.

மிரேய்: பேசிக்கட்டும், நல்லாப் பேசிக்கட்டும். ஆமா, இவளைக் கேளு. கடைசி கோல் விழுந்ததும் நான் அந்தக் கோடிலேர்ந்து ஓடி வரேன். கால்ல ரெண்டு மெத்தையைக் கட்டிக்கிட்டு. நானே போய்ச் சேந்துட்டேன், கேப்டனம்மா எனக்கும் பின்னாடி ஆடி அசைஞ்சு வராங்க.

ரீக்கா: ஸ்கேட் கயிறு அவுந்துடுச்சுடி.

மிரேய்: கோல் விழுந்த நேரத்துல கயிறு கட்டினியா? மஹாராணி! சரி, இங்க எதுக்கு உக்காந்திருக்க?

ரீக்கா: ஒண்ணுமில்ல. லேசா ஒரு இடி. சும்மா டெஸ்ட்.

மிரேய்: அடச்சீ, இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்க? செப்டம்பர்லயே மூணாவதை முழுங்கி வெச்சிருக்கோமே, அப்புறமென்ன பயம்...

ரீக்கா: மிரேய்.

மிரேய்: என்ன?... ஐயோ. ஓடெட், நீ இருக்கறதையே மறந்துட்டேன். நான் சாப்பாட்டைச் சொன்னேன். மூணாவது... மூணாவது தட்டு.

ஓடெட்: டேப் கிடைச்சுதா?

மிரேய்: கிடைச்சுது.

ஓடெட்: எத்தனை பேரு முழுங்கறீங்க, மிரேய்?

மிரேய்: நான் போறேன், பிராக்டிஸுக்கு நேரமாச்சு.

ஓடெட்: பதினோரு மணிக்குத்தான் பிராக்டிஸ். எத்தனை பேரு?

மிரேய்: ... எல்லாரும்தான். கேப்டன் சொல்லிக் குடுத்தா. வார்த்தை படிக்கறப்போ மூணாவதை முழுங்கு, ஆறாவதை முழுங்கு, ஒம்போதாவதை முழுங்கு. செப்டம்பர்ல கம்மியா வாங்கி வெச்சுக்கிட்டா, அப்புறம் நிஜமா அடிபட்டு கம்மியா வாங்கினாலும் குறைஞ்ச மாதிரித் தெரியாது. பெஞ்சுல உக்கார வைக்க மாட்டாங்க... இதுல தப்பென்ன? நம்ம பொண்ணுங்க தலை இரும்புன்னு பேப்பர்லயே போட்டாங்களே. எல்லாம் உன்னோட ஆராய்ச்சியைப் படிச்சுட்டுத்தான போட்டாங்க.

ரீக்கா: நீ போடி முதல்ல!

மிரேய்: போறேன், போறேன். ஓடெட், நான் சொன்னேன்னு யார்கிட்டயும்... சரி, போறேன்.

ரீக்கா: ... கதவைச் சாத்திட்டுப் போகுதா பாரு. பக் வந்தா மட்டும்தான் அதுக்கு அடைக்கத் தெரியும்.

ஓடெட்: எல்லாரும்னு சொல்றா.

ரீக்கா: ம்.

ஓடெட்: நீ மட்டும்தான்னு நினைச்சேன்டி. உன் பேப்பரைப் பாக்கறப்போ தெரியும். நாலு செப்டம்பரும் மூணு, ஆறு, ஒம்போது. கோடு போட்ட மாதிரி. ஒருத்திதானேன்னு கண்ணை மூடிக்கிட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் மொத்த நம்பரைத்தான் பாத்தேன், எந்த வார்த்தைன்னு பாக்கல.

ரீக்கா: முதல் வருஷம் நான் வந்தப்போ எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? லாக்கர் ரூம்ல என் பக்கத்துல உக்காந்து, ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு?

ஓடெட்: நான்தான்.

ரீக்கா: இந்த மாதிரி மூளையான வேலை எப்படித்தான் தோணுச்சுன்னு அன்னிக்கு உன்னை வாயைப் பொளந்து பாத்தேன். நீ எனக்குச் சொன்ன, நான் அவங்களுக்குச் சொன்னேன். கேப்டன்னா இதையெல்லாம் சொல்லிக் குடுக்கணும்னு நினைச்சேன். உன் ஆராய்ச்சிக்கு இது உதைக்கும்னு சத்தியமாத் தோணல.

ஓடெட்: எனக்கே தோணலையே. அறுபத்தொரு பொண்ணுங்க, நாலு வருஷம். வேற ஊர்ல எல்லாம் தலைல அடிபட்டா தேற ரெண்டு வாரம் ஆகுது. நம்ம பொண்ணுங்க அஞ்சே நாள்ல தேறிடறாங்கன்னு மேடை ஏறிச் சொன்னேன். மொன்ட்ரியால் மாநாட்டுல எழுந்து நின்னு கை தட்டினாங்கடி. நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தேன். என்ன சாப்பிடறாங்க, எப்படித் தூங்கறாங்கன்னு வரிசையாக் கேட்டாங்க. பனியில வளந்தவங்க, சுரங்கத்துக்காரங்க வீட்டுப் பொண்ணுங்கன்னு பெருமையாச் சொன்னேன்.

ரீக்கா: அதுல பொய் என்ன? பனியிலதான வளந்தோம்?

ஓடெட்: அஞ்சு நாள்ல யாரும் தேறல, ரீக்கா. செப்டம்பர் நம்பர் பொய்யாக் கீழ இருந்துச்சு. அதைத் தொட்டதும் தேறிட்டாங்கன்னு எழுதி, திரும்ப ஐஸ்ல இறக்கி விட்டுட்டேன்.

ரீக்கா: யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.

ஓடெட்: இதுவரைக்கும்.

ரீக்கா: சரி, அதை அப்புறம் அழுதுக்கலாம். என் விஷயத்துக்கு வா. நான் இன்னிக்கு ஒண்ணையும் முழுங்கல. தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒம்போது. செப்டம்பர்ல முழுங்கி ஏழு, இன்னிக்கு முழுங்காம ஒம்போது. அப்போ தலை நல்லாத்தான இருக்கு?

ஓடெட்: நீ ஒம்போது சொல்லல.

ரீக்கா: எண்ணிட்டுதான்டி இருந்தேன்! மடியிலயே விரல் விட்டு எண்ணினேன், போதுமா?

ஓடெட்: ஏணியை ரெண்டு தடவை சொன்ன.

ரீக்கா: இல்ல.

ஓடெட்: முதல் வார்த்தையும் ஏணி, கடைசி வார்த்தையும் ஏணி. இதோ, எழுதி வெச்சிருக்கேன், பாரு. கதவுன்னு சொன்ன. நான் கதவுன்னே படிக்கல.

ரீக்கா: படிச்ச.

ஓடெட்: இதோ பட்டியல். நீயே படி.

ரீக்கா: ஏணி, கடுகு, குதிரை, சோப்பு... சோப்பா? சோப்பு எங்க வந்துச்சு?

ஓடெட்: மேல படி.

ரீக்கா: ஜன்னல், பாலம், தொப்பி, மணல், பூட்டு, வெண்ணெய்... எழுத்து ஆடுதுடி. சின்னதா அடிச்சிருக்காங்க.

ஓடெட்: எப்பவும் இதே எழுத்துதான்.

ரீக்கா: சோப்பு, மணல், பூட்டு. இந்த மூணையும் நான் காதாலயே கேக்கல, ஓடெட்.

ஓடெட்: நீ கேட்ட. முதல் தடவை படிச்சவுடனே திருப்பிச் சொன்ன, ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு. ஏழுதான் நின்னிருக்கு.

ரீக்கா: ஏழு... சரி, ஏழுன்னா ஏழு. செப்டம்பர்லயும் ஏழு. சமம்தான? பேப்பர்ல சமமா இருந்தாப் போதும். டாக்டர் பாப்பாரு, ஏழுக்கு ஏழு, கையெழுத்து. முடிஞ்சுது.

ஓடெட்: ஆமா. பேப்பர்ல நீ பாஸ்.

ரீக்கா: அப்போ பாஸ்!

ஓடெட்: பொய்யா மறக்கறவ மூணு, ஆறு, ஒம்போதுன்னு அழகா மறப்பா. நிஜமா மறந்தவ நாலு, எட்டு, ஒம்போதுன்னு தாறுமாறா மறப்பா. இல்லாத கதவை ஒண்ணைக் கொண்டுவந்து வெப்பா. உன் செப்டம்பர் ஏழு நிஜத்துல பத்துடி. இன்னிக்கு ஏழு ஏழுதான். மூணு வார்த்தையை அந்தக் கண்ணாடில விட்டுட்டு வந்திருக்க.

ரீக்கா: அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடெட்: எனக்குத் தெரியும்.

ரீக்கா: நான் அதைச் சொல்லல... கோவிச்சுக்காம கேளு. இதை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லுவ? இவ செப்டம்பர்ல ஏமாத்தினான்னு சொல்லணும். எப்படித் தெரியும்னு கேப்பாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லணும். அப்புறம் அறுபத்தொரு பேரும் போச்சு. நாலு வருஷம் போச்சு. உன் பட்டம் போச்சு. மொன்ட்ரியால்ல தட்டின கை எல்லாம் வேற மாதிரி தட்டும்.

ஓடெட்: தெரியும்.

ரீக்கா: ஒண்ணுமே சொல்லலேன்னா? நான் ஒரே ஒரு மேட்ச் ஆடறேன். அப்புறம் வாழ்க்கை பூரா ஐஸ்ல கால் வைக்க மாட்டேன். நீ உன் பட்டத்தை வாங்கிக்கோ. யாருக்கு என்ன நஷ்டம்?

ஓடெட்: இதையே என்கிட்ட நானும் சொல்லிக்கிட்டேன். நாலு வருஷம் முன்னாடி. ஒரே ஒரு மேட்ச்.

ரீக்கா: அந்த மேட்ச்சா? ஜெயிச்சோமேடி! கடைசி நிமிஷத்துல நீ போட்ட கோல்! ரெண்டு பேரை ஏமாத்திட்டு, கோல்கீப்பரைப் படுக்க வெச்சு, மேல தூக்கிப் போட்டியே... அரங்க வாசல்ல இன்னும் அந்தப் போட்டோதான மாட்டியிருக்கு? எங்கப்பா அழுது நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். அதைப் பாத்துட்டு ஊர்ல எல்லாரும் பொண்ணு பொறந்தா ஹாக்கிக்கு விடணும்னு...

ஓடெட்: எனக்கு ஞாபகம் இல்ல.

ரீக்கா: என்னது?

ஓடெட்: அந்தக் கோல். முதல் பீரியட்ல தலைல ஒரு முழங்கை பட்டுச்சு. அதுலேர்ந்து மறுநாள் காலைல அம்மா பட்டாணி சூப் கொண்டுவந்து குடுத்த வரைக்கும் ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை. அதையெல்லாம் வீடியோலதான் பாத்தேன். யாரோ ஒருத்தி என் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு ரொம்ப அழகா ஒரு கோல் போடறா.

ரீக்கா: நீ சொன்னதே இல்லையே.

ஓடெட்: மளிகைக் கடைல, பெட்ரோல் பங்க்ல, பனி அள்ற மெஷின்காரர் கூட வண்டியை நிறுத்திட்டுக் கேப்பாரு, அந்தக் கோல் போட்டப்போ எப்படிம்மா இருந்துச்சுன்னு. சூப்பரா இருந்துச்சுங்கன்னு சொல்லுவேன். நாலு வருஷமாச் சொல்றேன். மொத்த ஊருக்கும் அந்தக் கோல் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல.

ரீக்கா: ... அப்புறம் எட்டு மாசம் உனக்குத் தலைவலின்னு சொன்னாங்க. பரீட்சைக்குப் படிக்கறதாலன்னு நினைச்சோம்.

ஓடெட்: ஒரு பக்கம் படிக்க முடியல. திரையை இழுத்துட்டு உக்காந்திருந்தேன், இப்போ நீ இழுத்த மாதிரி. செப்டம்பர்ல மூணாவதை முழுங்கி வெச்சிருந்தேன், அதனால மறுநாள் டெஸ்ட்லயும் பாஸ். எனக்கு ஒண்ணுமில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன். என் பொய்யை நானே நம்பினேன்டி.

ரீக்கா: என்னை மிரட்டறியா?

ஓடெட்: இல்ல. உன் கடைசி மேட்ச் உனக்கு ஞாபகம் இருக்கணும். நேத்து ஆடினதுதான் உன்னோட கடைசின்னா, அதை நான் முழுசா உனக்குச் சொல்றேன். மூணாவது பீரியட்ல நீ படுத்துக்கிட்டே ஒரு பக்கைத் தடுத்தியே, தாடையால தடுக்காத குறையா? கோச் துண்டை வாயில கடிச்சுக்கிட்டாரு. இருபது வருஷமா அவர் அந்தத் துண்டைத் தோள்லேர்ந்து இறக்கினதில்ல.

ரீக்கா: அது ஞாபகம் இருக்கு.

ஓடெட்: இருக்கா? அப்போ அதுலயே நிறுத்திக்கோ. அதுக்கு மேல எவளும் ஆட முடியாது.

ரீக்கா: ... அழ வெக்காதடி. அழுதா தலை இன்னும் வலிக்குது.

ஓடெட்: இன்னும்னா?

ரீக்கா: காலைலேர்ந்து. இப்போ எழுதிக்கோ. தலைவலி. கூசுது. தரை சரியாத்தான் இருக்கு, நான்தான் சரியறேன். எல்லாத்தையும் எழுதிக்கோ.

ஓடெட்: எழுதறேன். கூடவே இதையும் எழுதறேன். 'செப்டம்பர் மாத எண்கள் உண்மையானவை அல்ல. அவற்றைத் திரிக்கும் முறையை இந்த அணிக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் ஆய்வில் உள்ள அறுபத்தொரு பேரின் முடிவுகளையும் நான் திரும்பப் பெற்றுக் கொள்கிறேன்.' கீழ பேரு.

ரீக்கா: எல்லாம் போச்சுன்னு இவ்வளவு வெடுக்குன்னு எழுதிட்டியே.

ஓடெட்: இரும்புத் தலைன்னு ஒரு பொய்க்கு நாலு வருஷம் பெருமைப்பட்டேன். போதும். திங்கக்கிழமை இப்போ டீம்ல இருக்கற இருபத்திரெண்டு பேரையும் உக்கார வெச்சு ஒழுங்கா எடுக்கறேன். முழுங்காம. முதல்லேர்ந்து தொடங்குவேன்.

ரீக்கா: திங்கக்கிழமையா? பைனல் ஞாயித்துக்கிழமை.

ஓடெட்: பைனலுக்கு முன்னாடி எவ வந்து உக்காருவா?

ரீக்கா: நான் உக்கார வெக்கறேன். ஞாயித்துக்கிழமை மிரேய் தலைல ஒண்ணு பட்டுச்சுன்னா, அவளோட பொய் நம்பரைக் கையில வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? இன்னிக்கே எடு. நான் முன்னாடி நிக்கறேன். முழுங்கக் கத்துக் குடுத்தவ நான், துப்பச் சொல்றதும் நான்தான். ஒருத்தி மூணாவதை விட்டாலும் எனக்குத் தெரியும்.

ஓடெட்: பிராக்டிஸ்?

ரீக்கா: ஒரு மணி நேரம் தள்ளிப்போகட்டும். நாங்க என்ன வெண்ணெயா, உருகிடவா போறோம்? என் டீம்டி அது. ஐஸ்ல என் இடத்துல எவ இறங்கினாலும் அவ தலை முழுசா இருக்கணும். கப்பை ஜெயிச்சுட்டு அவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும்.

ஓடெட்: ரீக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் போட்டோவைப் பாத்து ஊரே பெருமைப்படும், எனக்கு ஒண்ணுமே தோணாது. இப்போ உன்னைப் பாத்தா நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

ரீக்கா: ஐயோ, ஆரம்பிச்சுட்டா. போனை எடுத்து வேலையைப் பாரு.

ஓடெட்: கோச்சுக்குத்தான் போடறேன். உன்னை அனுப்பி வெச்ச மனுஷன், பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு. முதல்ல அவருக்கு ஒரு நன்றி சொல்லணும். நான் கோட்டை விட்டதைப் பாத்தாரே.

ரீக்கா: நன்றியெல்லாம் வேண்டாம்.

ஓடெட்: ஏன்டி? அவர் கண்ணுல பட்டதாலதான நீ இங்க உக்காந்திருக்க? இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நேரா ஐஸ்ல இறங்கியிருப்ப.

ரீக்கா: போனைக் கீழ வை, ஓடெட்.

ஓடெட்: என்ன?

ரீக்கா: அவர் பாக்கல. யாருமே பாக்கல. பக் அந்தக் கோடிக்குப் போச்சு, எல்லார் கண்ணும் அது கூடவே போயிடுச்சு. நான் எழுந்திரிச்சப்போ அங்க கட்டிப் புடிச்சுக் கத்திட்டு இருந்தாங்க. நானும் போய்க் கட்டிப் புடிச்சேன். கோல் போட்டது நாமளா அவங்களான்னு கூட எனக்குத் தெரியல... பேசாம வீட்ல இருந்திருக்கலாம். மதியம் வரைக்கும் காத்திருந்து டாக்டர்கிட்டயே நேராப் போயிருக்கலாம், ஏழுக்கு ஏழுன்னு பாத்துட்டு விட்டிருப்பாரு. பாஸ் ஆகணும்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன். ஆனா என் ஏழு பொய்னு தெரிஞ்ச ஒரே ஆள்கிட்ட வந்தேன்.